இரண்டாம் முறை ஊற்றிய குழம்பு

தூத்துக்குடியில் நான் சூப்பிரண்டாக இருந்த காலத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒரு படிவம் இருந்தது. கடற்கரையில் ஜெட்டி கட்டுகிறவர்கள், உப்பளத்தில் மண் அடித்து மேடாக்குகிறவர்கள், கடலில் தூர்வாருகிறவர்கள் எல்லோரும் அதை நிரப்பித் தர வேண்டும். வனவிலங்குச் சட்டம் வந்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. புதுச் சட்டத்துக்குப் பயந்த யாரோ ஒரு மேலதிகாரி படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தார். ‘இவ்விடத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கினம் ஏதும் உண்டா?’ எதிரே ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். வேண்டாததை அடித்துவிட வேண்டும். கீழே ஒரு நிபுணர் கையெழுத்திட வேண்டும்.

அந்த நிபுணர்தான் டீச்சர். பெண்கள் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். சொந்த ஊர் நாசரேத். அவரைத் தேர்ந்தெடுத்தது நான்தான். கல்லூரி எங்கள் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. அரசாங்கத்தில் பெரும்பாலான நிபுணர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

அவர் முதல்முதலாக அனுப்பிய படிவத்தில் இரண்டு கட்டங்களும் அடிக்கப்பட்டிருந்தன. கல்லூரிக்கு நானே நடந்து போனேன்.

“டீச்சர், ரெண்டுல ஒண்ணைத்தான் அடிக்கணும்.”

“மூணு நாளு போனேன் சார். காலைல ஆறுல இருந்து ஒம்பது வரைக்கும் நின்னேன். ஒண்ணும் பாக்கலை.”

“அப்ப ‘இல்லை’தானே?”

“பத்து மணிக்கு ஒண்ணு வந்திருந்தா?”

“வந்திருக்காது டீச்சர்.”

“நீங்க பாத்தியளா?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. முப்பது வருடம் விதிகளைப் படித்தும் இன்று வரை தெரியவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, ‘நிபுணர் கருத்து தனித்தாளில்’ என்று ஒரு முத்திரை செய்யச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கட்டங்களைத் தொடவே இல்லை. தனித்தாளில் போன நாள், நின்ற இடம், நேரம், கடல் ஏற்றமா வற்றமா, கண்டது என்ன என்று எழுதுவார். அதோடு நிறுத்திக்கொள்வார். அதிலிருந்து ‘உண்டு’, ‘இல்லை’ என்று முடிவு கட்டுவது எங்கள் பொறுப்பு. நாங்கள் அதை வெகு சுலபமாகச் செய்தோம்.

ஆள் குள்ளம். வெளிர் நிறக் கைத்தறிச் சேலை, ஆண்கள் போடும் கான்வாஸ் ஷூ, கறுப்புக் குடை. தோளில் ஒரு துணிப்பை. அந்தப் பையில் எப்போதும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். டின்னின் அடியை வெட்டி எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்துத் தாரால் ஒட்டியிருப்பார். படகின் ஓரத்தில் குனிந்து டின்னைத் தண்ணீரில் அமுக்கி முகத்தை அதற்குள் வைத்தால் கடலடி தெரியும். கல்லூரியில் சில பெண்கள் அதை டீச்சரின் மதியச் சாப்பாடு என்று நினைத்திருந்தார்கள்.

மார்க்கெட்டில் அவரைக் கண்டால் மீன்காரிகள் கும்பிடுவார்கள், மரியாதையால் அல்ல. “இன்னைக்குப் பிடிச்சது டீச்சர்” என்று ஒருத்தி சொல்லிவிட்டால் விசாரணை தொடங்கிவிடும். எந்த வள்ளம், எப்போது கரை வந்தது, நீ கரையில் நின்றாயா. கடைசியில் ஒருத்தி, “எம்மா, இது மீனு. எப்பம் செத்துச்சுன்னு அதுட்டயே கேட்டுக்கிடுங்க” என்று தட்டை அவர் முன்னால் தள்ளிவிட்டாளாம். டீச்சர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “நேத்து” என்றாராம்.

எங்கள் தலைமை எழுத்தர் தன் மகனுக்குச் சாத்தான்குளத்தில் பெண் பார்த்தார். பெண் டீச்சரின் மாணவி. குணம் விசாரிக்கப் போனார்.

“திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும், ஒம்பதரைல இருந்து மூணரை வரைக்கும் நல்ல பிள்ளை” என்றார் டீச்சர்.

“மத்த நேரம்?”

“மத்த நேரம் நான் பாக்கலையே.”

தலைமை எழுத்தர் முகம் வெளுத்து அலுவலகம் வந்து சேர்ந்தார். சனி ஞாயிற்றில் அந்தப் பெண் என்ன செய்திருப்பாள் என்று ஒரு மாதம் யோசித்தார். கல்யாணம் ஒரு முகூர்த்தம் தள்ளிப்போயிற்று. நல்ல மருமகள்தான். அதை நான் வாரத்தின் ஏழு நாட்களுக்கும் சொல்ல முடியும். அவர்கள் வீடு எனக்கு எதிர்வீடு.

டீச்சர் ஞாயிறு தவறாமல் வேதக்கோவிலுக்குப் போகிறவர். பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன். “டீச்சர், கண்ணால பாத்ததத்தான் சொல்லுவேங்கிய. சாமிய மட்டும் எப்படி?”

“அதுக்கு எங்கிட்ட யாரும் கையெழுத்து கேக்கலையே” என்றார்.

கம்பெனியின் விண்ணப்பம் வந்தது இதற்கெல்லாம் பிறகு. பெயர் வேண்டாம். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு ஜெட்டி வேண்டியிருந்தது. கப்பல் வந்து நிற்க ஆழம் போதாது, தூர்வார வேண்டும். வாரிய சேற்றை எங்காவது கொட்ட வேண்டும். கரைக்கும் அடுத்த தீவுக்கும் நடுவே ஆழம் குறைந்த ஒரு திட்டு இருந்தது. பக்கத்திலேயே இருந்தது. வரைபடத்தில் அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, ‘கொட்டுமிடம்’ என்று எழுதியிருந்தார்கள்.

அந்தத் திட்டு முழுக்கக் கடற்புல். நெல்வயல் போல இருக்கும். கடற்கரைத் தெருவைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சின்ன வத்தைகளில் போய் அங்கேதான் வலை போடுவார்கள். பெரிய வள்ளம் வாங்க முடியாதவர்கள். அவர்களுக்கு மிக்கேல் என்பவர் தலைவர் மாதிரி. ஒரு மனுவை எழுதி எடுத்துக்கொண்டு நாலு பேரோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“சேத்தைக் கொட்டுனா புல்லு செத்துரும் சார். புல்லு செத்துட்டா இறாலும் தங்காது, நண்டும் தங்காது. நாங்க அங்கன விட்டா எங்கன போவோம்?”

கம்பெனி மேனேஜர் மெட்ராஸ்காரர். அன்று அவரும் என் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். “பாருப்பா, இறாலுக்கும் நண்டுக்கும் பாதுகாப்புச் சட்டம் கிடையாது. சூப்பிரண்டையே கேளு” என்றார்.

கேட்டார்கள். கிடையாது என்றேன். உண்மை. ஒரு திட்டை மனிதர்கள் நம்பியிருக்கிறார்கள் என்பதற்காகக் கோப்பு நிற்காது. புதுச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிற மிருகம் ஒன்று நம்பியிருந்தால்தான் நிற்கும். அந்தக் கடலில் அப்படி ஒரு மிருகம் இருந்தது. புத்தகத்தில் அதற்குக் கடல்பசு என்று பெயர். கடற்கரைத் தெருவில் ஆவுளியா. மாடு மாதிரி கடற்புல்லை மேய்ந்துவிட்டு, மூச்சு விட மேலே வரும். அது மேய்கிற இடத்தில் சேறு கொட்ட அனுமதி கேட்டால் கோப்பு டெல்லி வரை போய்த் திரும்ப வேண்டும். போன கோப்பு எதுவும் திரும்பி நான் பார்த்ததில்லை.

டீச்சரை வரச்சொல்லி விசாரணை வைத்தோம். மிக்கேலையும் கூட வந்தவர்களையும் பெஞ்சில் உட்கார வைத்தோம்.

“மிக்கேலு, அந்தத் திட்டுல ஆவுளியா உண்டா?” என்று கேட்டார் டீச்சர்.

பெஞ்சில் ஒரு அசைவு. மிக்கேல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஆவுளியாவா? எங்க தாத்தா காலத்துல இருந்துச்சுன்னு சொல்லுவாவ டீச்சர்.”

“நீங்க பாத்தியளா?”

“மாதா சத்தியமா இல்ல.”

“ஏலே பிச்சையா, நீயாச்சும் பாத்தியா?” என்று மிக்கேலே பக்கத்து ஆளைக் கேட்டார்.

“நான் எங்க மாமா பாக்க? எனக்கு அது கறுப்பா வெள்ளையான்னே தெரியாது” என்றான் பிச்சையா. வாலிபன். கொஞ்சம் கூடுதலாகவே தெரியாதவனாக இருந்தான்.

மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. “எழுதிக்கோங்க மேடம். இல்லை.”

“மிக்கேலு பாக்கலைன்னு மிக்கேலு சொன்னாருன்னு எழுதுதேன்” என்றார் டீச்சர்.

அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியாது. போன வருடம் கிழக்கே ஓர் ஊரில் ஆவுளியாக் கறி வைத்திருந்தவனைப் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து கடற்கரை முழுவதும் அந்தப் பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை. விற்றாலும் மாட்டுக்கறி என்றே விற்பார்கள். அதிகாரி யார் வந்து கேட்டாலும் தாத்தா காலம். இப்போது அதே கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் தங்களுக்கே நல்லது என்பது அவர்களுக்கு எட்டவில்லை. தங்கள் திட்டைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியைத் தாங்களே மாதா மேல் சத்தியம் செய்து கொன்றுவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு வெளியே போனார்கள். நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அடுத்த வாரம் மிக்கேல் வீட்டில் கடைசிப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். மூத்த மகள் டீச்சரிடம் படித்தாள். அதனால் டீச்சரைக் கூப்பிட்டிருந்தார்கள். மனு நிலுவையில் இருந்தது. அதனால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் சைவம். அன்று எனக்குக் கிடைத்தது இரண்டு வாழைப்பழமும் ஒரு பாட்டில் கலரும். டீச்சர் நன்றாகச் சாப்பிடுகிறவர். சோறு, மீன், அதற்கு மேல் கெட்டியாக ஒரு கறிக்குழம்பு. பரிமாறியது மிக்கேலின் மனைவி லூர்தம்மாள்.

டீச்சர் நாலு வாய் சாப்பிட்டார். இலையில் ஒரு எலும்பை ஒதுக்கினார். பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் எடுத்து வெட்டுவாயை வெளிச்சத்தில் திருப்பினார்.

“இது என்ன கறி லூர்து?”

“மாட்டுக்கறி டீச்சர். நல்ல இளங்கண்ணு.”

“விலா எலும்புல்லா இது? உள்ள பஞ்சு மாதிரி இருக்கணுமே. கல்லு மாதிரி இருக்கு.”

லூர்தம்மாளின் கையில் கரண்டி அப்படியே நின்றது. வாசல் பக்கம் நின்ற பிச்சையா, கறுப்பா வெள்ளையா என்று தெரியாதவன், மெதுவாகத் தெருவில் இறங்கிவிட்டான். மிக்கேல் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றார். ஒரு அதிகாரி, ஒரு நிபுணர், ஒரு அண்டா குற்றம். எல்லாம் ஒரே பந்தலின் கீழ் இருந்தன.

டீச்சர் எலும்பைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டார். இலையைப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து” என்றார்.

சாப்பிட்டுவிட்டுத் தெருவுக்கு வந்ததும் மிக்கேல் பின்னாலேயே ஓடிவந்தார். சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது.

“டீச்சர், எழுதிராதிய. நாங்க பிடிக்கல. வலையில அதுவா வந்து விழுந்து செத்துக் கெடந்துச்சு. தூக்கி எறிய மனசு வருமா? சின்னப் பிள்ளைக்காரன் டீச்சர் நான்.”

“எங்கன விழுந்துச்சு?”

மிக்கேல் கையை மட்டும் நீட்டினார். தீவு இருந்த திசை. மேனேஜரின் சிவப்பு வட்டம்.

“அத நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா அங்கன சேறு விழாது.”

“சொன்னா என்னப் பிடிச்சு உள்ள போட்டுருவான்லா?”

“போட்டுருவான்.”

“சொல்லாட்டா?”

“சேத்தைக் கொட்டுவான்.”

“அப்பம் நான் என்னதான் செய்ய?”

டீச்சர் குடையை விரித்தார். “நாளைக்குக் காலம்பற வத்தைய எடுங்க. நான் பாக்கணும்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்களும் வாங்க சார். இடப்பார்வைக்கு ஆபீஸ் ஆளு ஒருத்தரு கூட இருக்கணும்னு நீங்கதான சொல்லுவிய” என்றார்.

சொன்னது உண்மைதான். ஒரு விதியை நானே சொன்னதற்காக முதல் தடவையாக வருத்தப்பட்டேன். வத்தை என்பது மூன்று பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் படகு. நான் போகிற வழியெல்லாம் முழங்காலைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். திட்டின் மேல் போனதும் மிக்கேல் துடுப்பை நிறுத்தினார். டீச்சர் டின்னை அமுக்கி முகத்தை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்ததும் டின்னை என்னிடம் நீட்டினார்.

“எனக்கு எதுக்கு டீச்சர்?”

“கையெழுத்து நீங்களும் போடணும்லா. பாருங்க.”

பார்த்தேன். கீழே பச்சையாகப் புல் ஆடிக்கொண்டிருந்தது. நடுநடுவே நீள நீளமாக வெள்ளை வரிகள். எண்ணெய் வைத்த தலையில் வகிடு எடுத்ததுபோல. ஒவ்வொன்றும் ஒரு முழ அகலம் கூட இருக்காது. வளைந்து வளைந்து போயின.

“மேஞ்ச தடம்” என்றார் மிக்கேல், மிகவும் மெதுவாக. கடலில் எங்களைத் தவிர யாருமில்லை. “இங்கனதான் வரும். ரெண்டு மூணு சேந்து வரும். குட்டியும் கூட வரும்.”

“நீங்க பாத்தியளா?”

“எத்தனையோ தடவ டீச்சர்” என்றார் மிக்கேல். விசாரணையில் சத்தியம் செய்த அதே வாய்.

இரண்டு நாள் கழித்து அறிக்கை வந்தது. அப்போதெல்லாம் அறிக்கைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பொருளை மட்டும் தருகிறேன். முதல் பத்தியில் வரிகளைப் பற்றி எழுதியிருந்தார்: இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இத்தனை வரிகளைப் பார்த்தேன், இவை கடல்பசு மேய்ந்த தடம் என்று அந்தக் கடலை அறிந்த ஒருவர் கூறினார், மேய்வதை நான் பார்க்கவில்லை. இரண்டாம் பத்தி இது: ‘இவ்விலங்கின் இறைச்சியை இன்ன நாள் மதியம் நான் உண்டேன். முதல் முறை பரிமாறியபோது இன்னது என்று அறியாமல் உண்டேன். இரண்டாம் முறை அறிந்தே குழம்பு கேட்டு வாங்கி உண்டேன். இது சட்டப்படி குற்றம் என்பதை அறிவேன். யார் வீட்டில் என்பதைக் கூற மாட்டேன். இணைப்பு: விலா எலும்பு ஒன்று.’

நான் இரண்டு தடவை படித்தேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கல்லூரிக்குப் போனேன்.

“டீச்சர், ரெண்டாவது பத்தியை எடுத்துருவோம். ‘நம்பத்தகுந்த தகவல்’னு போட்டாப் போதும்.”

“யாரு குடுத்த தகவல்னு மேல கேப்பான்லா?”

“கேப்பான்.”

“அப்பம் மிக்கேலு பேரச் சொல்லணும். இப்பம் சொல்ல வேண்டாம். தின்னவ பேரு இருக்குல்லா, அது போதும்.”

“ரெண்டாந்தடவை குழம்பு ஊத்தச் சொன்னது எதுக்கு? அத எழுதாமலாவது விடலாமே?”

“முதல்ல தின்னது தெரியாமத் தின்னது. அதுக்கு நான் சாட்சி கிடையாது. நாக்குதான் சாட்சி” என்றார். “தெரிஞ்சு தின்னாத்தான சார், ஆவுளியான்னு நான் எழுத முடியும்?”

பந்தியில் அவ்வளவு நேரம் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது அவர் யோசித்தது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பசியால் கேட்டார் என்று நினைத்திருந்தேன்.

அறிக்கையில் தேதி முத்திரை வைத்துவிட்டேன். முத்திரை விழுந்த தாளை யாரும் திருப்பி எடுக்க முடியாது. எலும்புதான் சிக்கல். இணைப்பைக் கோப்போடு சேர்த்துக் கட்ட வேண்டும். சேர்த்துக் கட்டினால் கோப்பு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நல்ல கனம். மேசையில் மின்விசிறிக்கு எதிரே தாள்களின் மேல் வைத்தேன்.

மேனேஜர் வந்து படித்தார். படிக்கும்போதே முகம் சிவந்தது.

“என்ன சார் இது, ரிப்போர்ட்டா வாக்குமூலமா? அந்தம்மா சாப்பிட்டாங்களாம். ருசியா இருந்துச்சான்னு எழுதலியா?”

“அது படிவத்துல கேக்கலை.”

“இதைத் தூக்கிப் போடுங்க சார்.”

அவருக்கு நடைமுறையைச் சொன்னேன். அறிக்கையை ஏற்றுக்கொண்டால் மிருகம் இருக்கிறது. கோப்பு டெல்லிக்குப் போகும். பொய் என்று தள்ளினால், ஒரு பெண்மணி தான் செய்யாத குற்றத்தை எதற்காக ஒப்புக்கொண்டார் என்று நாம் எழுத்துமூலம் விளக்க வேண்டும். விளக்கமும் டெல்லிக்குப் போகும். உண்மை என்று வழக்குப் போட்டால், மிருகம் எங்கே இருந்தது என்று காட்ட வேண்டும். இடம் உங்கள் சிவப்பு வட்டம். வழக்கு முடியும்வரை அங்கே ஒரு கூடைச் சேறு விழக்கூடாது. கம்பெனி தினவாடகைக்கு வரவழைத்த தூர்வாரும் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்துக்கொண்டிருந்தது. நான் சொல்லச் சொல்ல மேனேஜர் கைக்குக் கிடைத்ததை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். அது எலும்பு. அவருக்கு அது தெரியாது.

“வேற வழியே இல்லையா சார்?”

“விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். கொட்டுமிடத்தை மாற்றி வெளிக்கடலில் காட்டிப் புது விண்ணப்பம் கொடுக்கலாம். திரும்பப் பெற்ற விண்ணப்பத்தின் இணைப்புகளை யாரும் படிக்க வேண்டியதில்லை.”

மறுநாளே கொடுத்தார். சேறு ஆழ்கடலுக்குப் போயிற்று. நான் யாருக்கும் உதவி செய்யவில்லை, விதியைச் சொன்னேன். மிக்கேலும் அவர் ஆட்களும் ஒரு கூடை இறாலைக் கொண்டுவந்து என் மேசைக்கு முன்னால் வைத்தார்கள். சைவம் என்று சொல்லி அனுப்பினேன். மேசையில் இருந்த எலும்பை மிக்கேல் பார்த்துவிட்டுப் போனார்.

டீச்சரிடம் அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் கருத்து கேட்கவில்லை. வேறொரு நிபுணர் வந்தார். காரை விட்டு இறங்காமலே ‘இல்லை’ எழுதக்கூடியவர். டீச்சர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவரைத் தொந்தரவு செய்தது வேறொன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடையோடு வந்து என் எதிரே உட்காருவார்.

“எங்கேஸு என்னாச்சு சார்?”

“பரிசீலனையில இருக்கு டீச்சர்.”

“குத்தம் செஞ்சேன்னு எழுதிக் குடுத்தவ மேல ஒண்ணும் எடுக்கலைன்னா, நான் எழுதுனது பொய்யின்னுல்லா ஆயிரும்?”

“பொய்யின்னு யாரும் சொல்லலையே.”

“உண்மைன்னும் சொல்லலையே.”

வழக்குப் போட யாருக்கும் துணிவில்லை. போட்டால் மிருகம், இடம், கம்பெனி எல்லாவற்றையும் மறுபடி இழுக்க வேண்டும். அவர் ஒருத்தர்தான் தண்டிக்கப்படத் தயாராக இருந்தார். கோப்பை நான் மூடினேன். திரும்பப் பெற்ற விண்ணப்பங்களை ஒரு வருடம் வைத்திருந்தால் போதும். நான் மூன்று வருட வகையில் போட்டேன். ஏன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

மூன்று வருடம் முடிந்து அழிப்புப் பட்டியல் தயாரித்துக் கையெழுத்துப் போட்ட சமயம் டீச்சருக்கு வேறு ஊர்க் கல்லூரிக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ள வந்தார். வழக்கம்போல உட்கார்ந்தார்.

“எங்கேஸு?”

இனிமேல் பரிசீலனை என்று சொல்ல வழியில்லை. “கெடு முடிஞ்சுது டீச்சர். கோப்பை அழிச்சாச்சு” என்றேன்.

“அழிச்சத நீங்க பாத்தியளா?”

பழைய காகிதத்தைச் சாக்கில் கட்டி ஏற்றிப்போனார்கள். நான் பார்க்கவில்லை. பட்டியலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அதில் இருக்கிறதே, முத்திரையோடு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். கோப்பின் எண். தாள்கள் இத்தனை. ‘இணைப்பு: எலும்பு ஒன்று. அழிக்கப்பட்டது.’ கீழே என் கையெழுத்து.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பட்டியலின் மறு ஓரம் படபடத்தது. அது பறந்துவிடாமல் இருக்க, பழக்கத்தால், நான் எலும்பை எடுத்து அதன் மேல் வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

டீச்சர் எலும்பைப் பார்த்தார். கையில் எடுத்தார். வெட்டுவாயை வெளிச்சத்தில் திருப்பினார், அன்று பந்தியில் திருப்பியது போலவே. பிறகு என்னைப் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“இத வச்சிருக்கதும் குத்தந்தான். தெரியும்லா?”

“தெரியும் டீச்சர்.”

எலும்பைப் பட்டியலின் மேல், என் கையெழுத்தின் மேலேயே, திரும்ப வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அப்பம் ரெண்டு பேரு ஆச்சு” என்றார்.

அதற்குப் பிறகு அந்த வழக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை.